வீட்டிலேயே மயோனைஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயோனைஸ் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் கலவை திரிந்து போனால், ஏன் போனது என்று பலருக்கும் பிடிபடுவதில்லை. பெரும்பாலான குறிப்புகள் அளவைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. காரணம் தெரிந்துவிட்டால் அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துவிடலாம். அதனால் இங்கே காரணங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். அவசரத்தில் எதைத் தாண்டிப் போனாலும், பச்சை முட்டை பற்றிய பதில்களை மட்டும் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மயோனைஸ் என்பது அடிப்படையில் என்ன?

எண்ணெய். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எண்ணெய்தான். மீதி முட்டை, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, உப்பு. இவ்வளவு எண்ணெய் இருந்தும் அது எண்ணெய் போலப் பிசுபிசுக்காமல் வெண்ணெய் போல நிற்கிறதே, அதற்குக் காரணம் அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து, கொஞ்சூண்டு தண்ணீருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதுதான். இப்படி ஒன்றோடொன்று சேராத இரண்டு திரவங்களில் ஒன்று மற்றொன்றுக்குள் துளித்துளியாகப் பரவி நிற்பதைப் பால்மம் என்பார்கள். பாலும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

துளி எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. எண்ணெய், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவு உள்ள துளிகளாக உடைந்தால் ஏறத்தாழ 2,900 கோடி துளிகள் கிடைக்கும். நாம் அடிக்கிற அடியெல்லாம் இதற்காகத்தான்.

துளிகள் திரும்ப ஒன்று சேராமல் பார்த்துக்கொள்வது மஞ்சள் கருவின் வேலை. கருவில் பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தக் கொழுப்பில் லெசித்தின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயோடும் மறுமுனை தண்ணீரோடும் ஒட்டும். புரதங்களும் இதேபோல ஒவ்வொரு துளியையும் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தியோடர் கோப்லி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் லெசித்தினை முதலில் பிரித்தெடுத்ததும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்துதான்.

இதில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் கொஞ்சம், எண்ணெய் நிறைய, ஆனால் எண்ணெய் தண்ணீருக்கு *உள்ளே* இருக்க வேண்டும். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதிலேயே அடங்கியிருக்கிறது.

என்னென்ன பொருள்கள், எவ்வளவு வேண்டும்?

ஹேண்ட் பிளெண்டரிலோ மிக்ஸியிலோ செய்வதென்றால்:

- முழு முட்டை 1
- வாசனை குறைந்த எண்ணெய் 200 மி.லி.
- வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி
- கடுகு விழுது (பாட்டிலில் வரும் மஸ்டர்ட்) 1 தேக்கரண்டி
- உப்பு அரைத் தேக்கரண்டி
- விருப்பப்பட்டால் சர்க்கரை இரண்டு சிட்டிகை

கையால் அடிப்பதென்றால் முழு முட்டைக்குப் பதில் ஒரு மஞ்சள் கரு, எண்ணெய் 150 மி.லி., உப்பு கால் தேக்கரண்டி. மற்றவை அப்படியே.

முட்டை எந்த மாதிரி முட்டையாக இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹேண்ட் பிளெண்டரில் எப்படிச் செய்வது?

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாத்திரம் சரியாக அமைந்துவிட்டால் தவறவே தவறாது.

பிளெண்டரின் தலை நுழைந்து, சுற்றிலும் ஒரு விரல் இடம் மட்டும் இருக்கிற உயரமான ஜாடியாக எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான கிண்ணம் வேண்டாம். முட்டையை மஞ்சள் கரு உடையாமல் அடியில் விடுங்கள். புளிப்பு, கடுகு விழுது, உப்பு எல்லாவற்றையும் போட்டு, மேலே எண்ணெய் முழுவதையும் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் அப்படியே விட்டால் முட்டை அடியிலும் எண்ணெய் மேலேயும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

இப்போது பிளெண்டரை இறக்கி, அதன் தலை மஞ்சள் கருவை மூடியபடி ஜாடியின் அடியில் அழுத்தி வையுங்கள். வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். போட்டதும் தூக்காதீர்கள், ஆட்டாதீர்கள். இரண்டு மூன்று நொடியில் தலையின் ஓட்டைகள் வழியாக வெள்ளைவெள்ளையாகச் சுருள் கிளம்பி மேலே ஏறும். கண்ணாடி ஜாடியாக இருந்தால் இதை நன்றாகப் பார்க்கலாம்: கீழே கெட்டியான வெண்மை, மேலே தெளிந்த எண்ணெய், நடுவில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழலுக்குள் இழுபடும். வெண்மை முக்கால் ஜாடிக்கு வந்த பிறகு பிளெண்டரை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். மேலே தேங்கி நிற்கிற மிச்ச எண்ணெயையும் மேலும் கீழுமாக இரண்டு தடவை அசைத்துச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

எண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டும் என்கிற விதி இங்கே மட்டும் ஏன் பொருந்தவில்லை? பிளேடு அடியில் இருப்பதால் அது எண்ணெயைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கிறது. பொறுமையை ஜாடியின் வடிவமே பார்த்துக்கொள்கிறது.

பிளெண்டர் இல்லை. கையால் அடிக்க முடியுமா?

தாராளமாக. விஸ்க் இருந்தால் போதும், பத்து நிமிடம் கை வலிக்கும். கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் வழுக்காது. மஞ்சள் கரு, உப்பு, கடுகு விழுது, பாதிப் புளிப்பு ஆகியவற்றை முதலில் ஒரு நிமிடம் அடியுங்கள். உப்பு பட்டதும் கரு கொஞ்சம் கெட்டியாவது தெரியும். அதிலுள்ள புரதத் துகள்களை உப்பு பிரித்துவிடுவதால் அவை துளிகளைப் போர்த்த இன்னும் தயாராகின்றன.

பிறகு எண்ணெய். முதல் கால்பங்கு நிஜமாகவே சொட்டுச்சொட்டாகப் போக வேண்டும். ஒரு சொட்டு மறைந்த பிறகே அடுத்த சொட்டு. கலவை வெளுத்து, விஸ்க் போன தடம் ஒரு நொடி அப்படியே நின்றால் ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் நூல் போல ஊற்றலாம். கெட்டியாகி அடிக்க முடியாமல் போனால் மீதிப் புளிப்பை விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.

மிக்ஸியில் வருமா?

வரும், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சின்ன ஜாரில் செய்யுங்கள். ஒற்றை மஞ்சள் கரு பிளேடுக்கு எட்டாது, அதனால் முழு முட்டை வேண்டும். இரண்டாவது சூடு. மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடாகும், சூடானால் கலவை பிரியும். ஐந்து நொடி ஓட்டி நிறுத்தி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மறுபடி ஐந்து நொடி. மூடியில் ஓட்டை இருக்கிற ஜாராக இருந்தால் ஓடும்போதே மெல்லியதாக ஊற்றலாம். மிக்ஸியில் செய்யும்போது மட்டும் முட்டையும் எண்ணெயும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருப்பது நல்லது.

எந்த எண்ணெய் நல்லது?

தனியாக நக்கிப் பார்த்தால் எந்த ருசியும் தெரியாத எண்ணெய். சூரியகாந்தி, சோயா, கனோலா, அரிசித் தவிட்டு எண்ணெய் எல்லாமே சரி. நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் முழு அளவில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். கடைசியில் ஒரு தேக்கரண்டி வாசனைக்காகச் சேர்ப்பது வேறு விஷயம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரி செல்சியஸை ஒட்டி உறையத் தொடங்கும், ஃப்ரிட்ஜில் வைத்ததும் கட்டிகட்டியாகி மயோனைஸ் உடைந்துவிடும்.

எண்ணெயை முகர்ந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். பழைய எண்ணெயின் காறல் வாடை சமையலில் மறைந்து போகலாம். மயோனைஸில் முக்கால்வாசி அதுதான் என்பதால் ஒளிய இடமே இல்லை.

ஆலிவ் எண்ணெயில் செய்தால் கசக்கிறதே?

எக்ஸ்ட்ரா வர்ஜின் வகையைப் பிளெண்டரில் அடித்தால் கசக்கும். அதிலுள்ள பாலிஃபீனால் என்கிற கசப்புப் பொருள்கள் எண்ணெயோடு கலந்திருக்கும்போது நாக்கில் அவ்வளவாகத் தெரிவதில்லை. வேகமாக அடிக்கும்போது அவை தண்ணீர்ப் பகுதிக்குள் வந்துவிடுகின்றன, கசப்பு முன்னுக்கு வந்துவிடுகிறது. ஆசைப்பட்டால் முக்கால் பங்கு வேறு எண்ணெயில் மயோனைஸை முடித்துவிட்டு, கடைசிக் கால் பங்கு ஆலிவ் எண்ணெயைக் கரண்டியால் கலந்துகொள்ளுங்கள். சுத்திகரிக்கப்பட்ட லேசான ஆலிவ் எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சள் கரு மட்டும் போடுவதா, முழு முட்டையா?

மஞ்சள் கரு மட்டும் என்றால் நிறமும் ருசியும் கூடும், வெண்ணெய் போன்ற அடர்த்தி வரும். முழு முட்டை என்றால் வெளுப்பாக, இலேசாக இருக்கும். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் எண்ணெய்க்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது, பிரிவதற்கான வாய்ப்பும் குறைகிறது. எனக்கு ருசியில் பிடித்தது கருவில் செய்ததுதான். ஆனாலும் புதிதாகச் செய்கிறவர்கள் முழு முட்டையில் தொடங்குவதே நல்லது.

வினிகரா, எலுமிச்சையா?

ருசிக்கு இரண்டும் சரி. எலுமிச்சை மணமாக இருக்கும், வினிகர் கூர்மையாக இருக்கும். கெட்டுப்போகாமல் காப்பதில் மட்டும் வினிகர் ஒரு படி மேல். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தைவிட நுண்ணுயிர்களை நன்றாகக் கட்டுப்படுத்தும். பாதிக்குப் பாதி போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். புளிப்பான பொருள் சேர்ப்பதால் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நிறமும் ருசியும் மாறும். கண்ணாடி, எவர்சில்வர், பீங்கான் எதுவும் பரவாயில்லை.

கடுகு விழுது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் கடுகுத் தோலில் உள்ள வழவழப்பான பொருள் துளிகளைப் பிரித்து நிறுத்த உதவுகிறது. கையால் அடிக்கும்போது அந்த உதவி நன்றாகத் தெரியும். விழுது இல்லையென்றால் கால் தேக்கரண்டி கடுகுப் பொடி போதும்.

கலவை பிரிந்துவிட்டது. என்ன செய்வது?

கொட்டிவிடாதீர்கள். பிரிந்த மயோனைஸில் எந்தப் பொருளும் கெட்டுப் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எண்ணெய் தண்ணீருக்குள் இருக்க வேண்டியது போய், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெளியே வந்துவிட்டன. பார்த்ததும் தெரியும்: வழவழப்பு போய், ஓரத்தில் எண்ணெய் மினுங்கும், நடுவில் திப்பிதிப்பியாக இருக்கும்.

பலர் இந்த இடத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறார்கள், அல்லது அதிலேயே இன்னொரு முட்டையைப் போடுகிறார்கள். இரண்டும் உதவாது. அடிக்க அடிக்கச் சூடு ஏறும். எண்ணெய்க் கடலுக்குள் போட்ட முட்டைக்கோ அதைச் சுற்றி வளைக்க வழியில்லை. திசையை மாற்றுங்கள். சுத்தமான வேறு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீரும் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு இல்லையென்றால் ஒரு மஞ்சள் கரு. அதை அடித்துக்கொண்டே, பிரிந்த கலவையை எண்ணெய் என்று நினைத்துக்கொண்டு அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாகச் சேர்த்து வாருங்கள். நாலைந்து சேர்க்கைக்குள் வெளுத்துக் கெட்டியாகும். பிறகு கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

இப்போதுதான் லேசாகப் பிரியத் தொடங்குகிறது, ஓரத்தில் மட்டும் எண்ணெய் மினுங்குகிறது என்றால் வேறு கிண்ணம்கூட வேண்டாம். ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீரை விட்டு அடித்தாலே பல சமயம் சேர்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தட்டுப்பாடு தண்ணீருக்குத்தான், முட்டைக்கு அல்ல. ஒரே ஒரு மஞ்சள் கருவில் உள்ள பொருளே பல லிட்டர் எண்ணெயைப் பிடித்து வைக்கப் போதும், நடுநடுவே தண்ணீர் மட்டும் சேர்த்துக்கொண்டே இருந்தால்.

எனக்கு எப்போதும் பிரிந்துவிடுகிறது. ஏன்?

முக்கால்வாசி நேரம் காரணம் ஆரம்பத்தில் எண்ணெய் வேகமாகப் போனதுதான். அடுத்தது, இருக்கிற தண்ணீருக்கு மீறி எண்ணெய் போட்டது. மூன்றாவது சூடு. இந்த மூன்றிலும் இல்லையென்றால் ஜாடியைப் பாருங்கள், அகலம் அதிகமாக இருந்து பிளேடு எண்ணெயில் மட்டும் சுற்றியிருக்கும்.

தண்ணியாக வந்திருக்கிறது. எப்படிக் கெட்டியாக்குவது?

இன்னும் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் ஊற்றினால் இளகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மயோனைஸில் நேர் எதிர். ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒரு பெட்டிக்குள் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 74 சதவீத இடத்துக்கு மேல் நிரப்ப முடியாது. எண்ணெய்த் துளிகள் அந்த அளவை நெருங்கும்போது நகர இடமில்லாமல் முட்டி நிற்கின்றன, அதைத் தாண்டினால் ஒன்றையொன்று நசுக்குகின்றன. நாம் கெட்டித்தன்மை என்று உணர்வது இந்த நெரிசலைத்தான். மேலே சொன்ன முழு முட்டை அளவில் எண்ணெய் சுமார் 75 சதவீதம் வரும், அதனால்தான் அது கரண்டியில் நிற்கிறது.

ஆக, இளகலாக இருந்தால் அடித்துக்கொண்டே 20, 30 மி.லி. எண்ணெய் சேர்க்கலாம். ரொம்பக் கெட்டியாகிவிட்டால் ஒரு தேக்கரண்டி தண்ணீர். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால் சற்று இளகலாகவே நிறுத்தலாம். ஆனால் இளகலாக இருப்பதும் பிரிந்து போவதும் வேறு வேறு. பிரிந்ததில் எண்ணெய் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

பச்சை முட்டை போடுகிறோமே, பாதுகாப்பானதா?

சாதாரண பச்சை முட்டையில் செய்தால் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா முட்டை ஓட்டின் வெளியில் மட்டும் இருப்பதில்லை. அதில் ஒரு வகை கோழியின் உடலுக்குள்ளேயே தொற்றி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். அப்படிப்பட்ட முட்டை பார்க்க, முகர, உடைக்க எல்லாவற்றிலும் நல்ல முட்டை போலவே இருக்கும். தொற்று ஏற்பட்டால் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரும். பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். ஆனால் சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது மருத்துவமனை வரை போகும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும்.

அதனால் என் கருத்து இதுதான்: பாஸ்டுரைஸ் செய்த முட்டை, அதாவது வேகாத அளவு மிதமாகச் சூடாக்கிக் கிருமியை அழித்த முட்டை கிடைத்தால் அதில் செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் கருவைச் சூடாக்கும் முறையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் முட்டையே இல்லாமல் செய்யுங்கள். மூன்றும் நன்றாகவே வரும். ருசிக்காகப் பச்சை முட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க எந்தக் காரணமும் இல்லை.

முட்டை தண்ணீரில் மூழ்கினால் நல்ல முட்டைதானே? ஓட்டைக் கழுவினால் போதாதா? ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டால்?

மூழ்குவது முட்டை புதியது என்பதை மட்டும் காட்டும், கிருமி இல்லை என்பதை அல்ல. கழுவுவது உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டால் ஓடும் வெள்ளைக்கருவின் ஓரமும் சூடாகும், நடுவிலுள்ள மஞ்சள் கரு சூடாகாது. ஓட்டோடு பாஸ்டுரைஸ் செய்யும் இடங்களில் 57 டிகிரியை ஒட்டிய வெந்நீரில், சூடு கூடாமலும் குறையாமலும், நீண்ட நேரம் வைக்கிறார்கள். அடுப்பில் கண்ணளவில் அதைச் செய்துவிட முடியாது.

வினிகர் கிருமியைக் கொன்றுவிடாதா?

போதுமான அளவு இருந்தால், போதுமான நேரம் கொடுத்தால் கொல்லும். தொழிற்சாலையில் புளிப்பைக் காட்டும் பி.எச். மதிப்பை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ கொண்டுவந்து, ஒவ்வொரு தொகுப்பிலும் அளந்து பார்க்கிறார்கள். முட்டையும் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்ததாக இருக்கும். வீட்டில் ஒரு கரண்டி எலுமிச்சை பிழிந்துவிட்டு அதே பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, அமிலம் குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஃப்ரிட்ஜ் கிருமி பெருகாமல் தடுக்கும், இருப்பதை அழிக்காது. அதற்காக வெளியில் வைத்துப் புளிப்பு வேலை செய்யட்டும் என்று விடுவதும் தப்பு. வீட்டுக் கலவையில் எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, போதாமல் இருந்தால் கிருமிதான் பெருகும்.

கருவைச் சூடாக்கிச் செய்வது எப்படி?

இரண்டு மஞ்சள் கரு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. மூன்றையும் சின்னப் பாத்திரத்தில் நன்றாகக் கலந்து, மிகக் குறைந்த தீயில் வையுங்கள். தீ மேல் நம்பிக்கை இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீருக்கு மேலே கிண்ணத்தை வைத்துச் செய்யலாம். கை எடுக்காமல் கிளற வேண்டும், அடியையும் ஓரத்தையும் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் 71 டிகிரி செல்சியஸ் காட்டினால் போதும்.

முதலில் நுரைக்கும். பிறகு நுரை அடங்கி, கரண்டியின் முதுகில் படலமாக ஒட்டும். தண்ணீரும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் கரு சட்டென்று கட்டியாகாது, ஆனாலும் கவனம் சிதறினால் ஓரத்தில் முட்டைப் பொரியல் கிடைக்கும். சூடு வந்தவுடன் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆறவிடுங்கள். கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு உப்பு, கடுகு விழுது சேர்த்து, 250 மி.லி. எண்ணெயை வழக்கம்போல விட்டு அடியுங்கள். பச்சைக் கருவில் செய்ததைவிட இது கொஞ்சம் பதமாகவும் பிரியாமலும் நிற்கும். கருவை எடுத்த கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவாமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதைக் கவனிக்காவிட்டால் சூடாக்கியதே வீண்.

முழுதாக வேகவைத்த முட்டையில் செய்ய முடியாதா?

முடியும். வெந்த கருவை நைசாக மசித்து, கடுகும் வினிகரும் சேர்த்து, எண்ணெய் விட்டு அடித்தால் சேரும். பிரெஞ்சுச் சமையலில் கிரிபிஷ் என்கிற சாஸ் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் மயோனைஸின் வழவழப்பு வராது, நாக்கில் கொஞ்சம் மாவு தட்டும். சாண்ட்விச்சுக்குப் பரவாயில்லை.

முட்டையே இல்லாமல்?

எளிதானது பால். குளிர்ந்த பால் 100 மி.லி., எண்ணெய் 200 மி.லி., உப்பு, கடுகு விழுது. உயரமான ஜாடியில் ஹேண்ட் பிளெண்டரால் அடித்துக் கெட்டியான பிறகு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டு இரண்டு நொடி அடியுங்கள். புளிப்பு பட்டதும் பாலின் புரதம் இன்னும் இறுகிக் கொடுக்கும். விஸ்க்கால் இது வராது, வேகம் வேண்டும். இனிப்பில்லாத சோயா பாலிலும் இதே அளவில் வரும், அதிலும் லெசித்தின் உண்டு. பாதாம் பாலை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அதில் தண்ணீர்தான் இருக்கிறது.

இன்னொரு வழி, கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். முட்டை வெள்ளைக்கரு போல அது நுரைக்கும் என்பதை 2014-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் கவனித்துச் சொன்ன பிறகு, முட்டை சாப்பிடாதவர்களிடம் அது வேகமாகப் பரவியது. மூன்று மேசைக்கரண்டிக்கு 180 மி.லி. எண்ணெய் என்ற கணக்கில் செய்யலாம். வீட்டில் வேகவைத்த தண்ணீர் பெரும்பாலும் நீர்த்து இருக்கும். வெள்ளைக்கருவின் பதத்துக்குச் சுண்டவைத்து, முழுக்க ஆறிய பிறகே பயன்படுத்துங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஃப்ரிட்ஜில் மூடி போட்டு மூன்று நான்கு நாள். வெளியில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். பயன்படுத்துகிற அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்த கரண்டி ஜாடிக்குள் போகக் கூடாது. கடை பாட்டில் மாதக்கணக்கில் நிற்கிறதே என்று ஒப்பிட வேண்டாம், அதன் புளிப்பும் பதப்படுத்தலும் வேறு.

ஃப்ரீஸரில் வைக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது துளிகளின் போர்வை கிழிந்துவிடும். வெளியே எடுத்ததும் எண்ணெய் தனியாக நிற்கும்.

பூண்டு மயோனைஸுக்கு எப்போது பூண்டு சேர்க்க வேண்டும்?

ஒரு சின்னப் பல்லை உப்போடு நசுக்கி விழுதாக்கி, முட்டையோடு முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டின் காரம் பிடிக்காவிட்டால், நசுக்கியதை எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்தால் தணியும். இதை மட்டும் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் நாள்கணக்கில் வைத்த எண்ணெயை மயோனைஸுக்கோ வேறு எதற்குமோ பயன்படுத்தாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும், வாடையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே திசையில்தான் கிளற வேண்டும் என்கிறார்களே?

தேவையில்லை. துளி உடைந்தால் போதும், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான்.

கடை மயோனைஸ் ருசி ஏன் வரவில்லை?

பெரும்பாலும் அந்த ருசி சர்க்கரையும் கூடுதல் உப்பும்தான். வீட்டில் செய்ததைச் சாப்பிட்டுப் பார்த்து, உப்பும் சர்க்கரையும் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டினாலே பக்கத்தில் வந்துவிடும். ஜப்பானில் 1925-இல் தொடங்கிய கியூப்பி என்ற மயோனைஸ் வகை பிடித்தவர்கள் மஞ்சள் கரு மட்டும் போட்டு, அஜினோமோட்டோ ஒரு சிட்டிகை சேர்த்துப் பாருங்கள். செய்த உடனே ருசியை முடிவு செய்ய வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் புளிப்பும் உப்பும் இன்னும் நன்றாகச் சேரும்.

எண்ணெய் குறைவாகப் போட்டு ஆரோக்கியமாகச் செய்ய முடியுமா?

எண்ணெயைக் குறைத்தால் மேலே சொன்ன நெரிசல் இருக்காது, சாஸ் போல ஓடும். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 முதல் 100 கலோரி வரை இருக்கும், கையால் செய்தாலும் அது குறையாது. குறைக்க வேண்டுமென்றால், செய்து முடித்த மயோனைஸில் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரை அதே அளவு கலந்துகொள்வது நல்ல வழி. ருசியும் கெடாது, பதமும் நிற்கும். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் கலந்தால் போதும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

1756-இல் பிரெஞ்சுப் படை மெனோர்கா தீவின் மஹோன் துறைமுகத்தைப் பிடித்தபோது அதன் தளபதி ரிஷெலியூ பிரபுவின் சமையல்காரர் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதையாக அழகாக இருக்கிறது, உறுதியான சான்று இல்லை.

மீந்த வெள்ளைக்கருவை என்ன செய்வது?

மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மயோனைஸைப் போல இல்லாமல் வெள்ளைக்கருவை ஃப்ரீஸரில் தாராளமாக உறையவைக்கலாம். ஐஸ் ட்ரேயில் குழிக்கு ஒன்றாக ஊற்றி வைத்தால் பிறகு எண்ணி எடுக்க வசதி. ஃப்ரிட்ஜுக்குள் வைத்து உருகவிட்டு, ஆம்லெட்டிலோ கேக்கிலோ சேர்த்து முழுதாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.